சிலிபினில் சிட்டிக்கு இரண்டு கட்சி

ஈப்போவுக்கு வருகிறவர்கள் ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடத்தைப் படம் பிடிக்காமல் போவதில்லை. ஹப்பாக் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து 1917-ல் கட்டி முடித்த அந்த நிலையத்தின் முன்பக்கம்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு. வெள்ளைக் காப்பி, தோகே சோறு, சுவரோவியம் எல்லாம் அந்தப் பக்கம். பின்பக்கம் நம்முடையது. முதலில் கச்சாங் பூத்தே வறுக்கும் மணத்தோடு புந்தோங் வரும். அதை ஒட்டி சிலிபின்.

சிலிபினில் பார்க்க என்ன இருக்கிறது என்று கோலாலம்பூர் நண்பர்கள் கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. லூர்து மாதா தேவாலயம் இருக்கிறது. புனித பிலோமினா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பிறகு பட்டறைகள், வரிசை வீடுகள், ஒட்டுக்கடைகள், மாலையில் கோயில் மணி, எங்கோ ஒரு வீட்டில் சத்தமாக வைத்த வானொலி. மேற்கே திரும்பினால் கிளேடாங் மலை. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கும்.

என் அக்கா மகன் அந்த மலைக்குப் பட்சிராஜன் மலை என்று பெயர் வைத்திருக்கிறான். அவனுக்கு ஒன்பது வயது. '2.0' படத்தை எத்தனை முறை பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கைத்தொலைபேசிகள் எல்லாம் பறந்துபோய் ஒரு ராட்சதப் பறவையாகச் சேரும் காட்சி வந்தால், என் தொலைபேசியைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் ஒளித்து வைப்பான். அதே நேரத்தில் என் அப்பா நாற்காலியை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் பார்க்கும் காட்சி இது. ஒரே வீட்டில் சிட்டிக்கு இரண்டு கட்சி.

அப்பா ரஜினி ரசிகர் அல்ல என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'பாட்ஷா' வசனத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். 'எந்திரன்' படத்தை எங்கள் தெருவே அவர் தலைமையில்தான் பார்த்தது.

2010-ஐ நினைத்துப் பாருங்கள். அந்தப் படத்தை நம் படம் என்றே மலேசியத் தமிழர்கள் சொல்லிக்கொண்ட வருடம் அது. பாடல் வெளியீட்டு விழா ஜூலை 31-ஆம் தேதி புத்ராஜெயா அனைத்துலக மாநாட்டு மையத்தில் நடந்தது. சென்னையை விட்டுவிட்டு நம் நாட்டுக்கு வந்து ரஹ்மான் பாட்டை வெளியிடுகிறார்கள்! எங்கள் தெருவில் யாரும் விழாவுக்குப் போகவில்லை. போன மாதிரியே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை படம் வந்தது. மறுநாள் இரண்டு வேன் பிடித்து, முறுக்கும் மிக்சரும் மடியில் மறைத்துக்கொண்டு நகரத்துத் திரையரங்குக்குப் போனோம். எனக்குப் பதினேழு வயது. எஸ்பிஎம் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி வேனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பது அன்றைய விசேஷம்.

சிட்டி கொசுவைத் துரத்திப் பிடித்துப் பேச்சுவார்த்தை நடத்தியபோது அரங்கு குலுங்கியது. சிட்டிகள் நூற்றுக்கணக்கில் பந்தாகவும் பாம்பாகவும் உருமாறியபோது ஹாலிவுட்காரன் நம்மிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பின்வரிசையில் ஒருவர் அறிவித்தார். எல்லாம் முடிந்து, நீதிமன்றம் சிட்டியைக் கழற்றிப்போடச் சொல்கிறதே, அங்கேதான் சத்தம் நின்றது. சிட்டி தன்னைத்தானே கழற்றுகிறான். கையை எடுக்கிறான், காலை எடுக்கிறான். ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி விடைபெறுகிறான். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்கிறான். பிறகு 2030-ஆம் ஆண்டு. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பாகங்களாக இருக்கிறான். பார்க்க வந்த பள்ளிப் பிள்ளை ஏன் உன்னைக் கழற்றினார்கள் என்று கேட்க, தான் யோசிக்கத் தொடங்கியதுதான் காரணம் என்கிறான்.

வேனில் திரும்பும்போது அப்பா பேசவில்லை. அவர் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். இயந்திரத்தைக் கழற்றுவது அவருக்குத் தினசரி வேலை. அதற்காகக் கலங்குகிற ஆள் இல்லை. விஷயம் வேறு என்று எனக்குப் புரிய எட்டு வருடம் ஆனது.

அப்பா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், 1956-ல். அந்தத் தலைமுறைக்குத் திரையரங்கு என்றால் தோட்டத்துத் திடல்தான். இரண்டு கம்பத்தை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டுவார்கள். மலாய்க்காரர்கள் வாயாங் பாச்சாக் என்பார்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் கதாநாயகன் இடது கையால் சண்டை போடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். அப்படித்தான் அப்பா 'கலை அரசி' பார்த்தாராம். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963-ல் வந்த படம். வேற்றுக் கிரகத்து ஆட்கள் பறக்கும் தட்டில் வந்து, தங்கள் உலகத்துக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்கப் பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிற கதை. அன்றிரவு ஒன்றுக்குப் போகத் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் தனியாக வெளியே வரவில்லையாம். பால்மரக் காட்டுக்குள் தட்டு இறங்கியிருந்தால் என்ன செய்வது? அறிவியல் புனைவுக்கு நாம் புதியவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தமிழ்ப் படம் விண்வெளிக்குப் போன கையோடு தோட்டத்துக்கும் வந்துவிட்டது.

அந்தத் தோட்டம் இன்று இல்லை. பேராவில் இது பழகிய கதைதான். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டின் மகன் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியுமா? அப்பாவின் தோட்டம் அறுபதுகளில் தப்பித்தது. எண்பதுகளின் கடைசியில் மாட்டிக்கொண்டது. முதலில் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டம். லயத்து ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். எங்கள் குடும்பம் சிலிபினுக்கு வந்தது.

2018-ல் நான் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். '2.0' வரப்போகிறது, சிட்டி திரும்பி வருகிறான், டிக்கெட் போடட்டுமா என்று அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"வேணாம்பா. அவன் போய்ட்டான்," என்றார்.

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "எங்க தோட்டம் போச்சு. ஒரு நோட்டீஸ் ஒட்டுனான், லாரி வந்துச்சு, அவ்ளோதான். கோயில்ல சாமிகிட்டக்கூட ஒழுங்கா சொல்லிக்க முடியல. அந்த ரோபோ எல்லார்கிட்டயும் சொல்லிட்டுப் போனான் பாரு. அது போதும் எனக்கு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவைப் பொறுத்தவரை படத்தின் உயிரே அந்த விடைபெறல்தான். அதை ரத்து செய்துவிட்டு வருகிற சிட்டி, எவ்வளவு பெரிய சண்டை போட்டாலும், அவருக்கு வேண்டாத விருந்தாளி.

ரசிகர்களுக்கு '2.0' மேல் இருந்த மற்ற வருத்தங்களை எங்கள் தெருவே பட்டியல் போட்டது. எதிர்வீட்டு மாமா ரயில்வேயில் வேலை பார்த்து பென்சன் வாங்குகிறவர், கணக்கில் புலி. அவர் முதல் நாளே ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். 2030 வரைக்கும் கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டியவன், அதற்குள் எப்படி எழுந்து வந்து சண்டை போடுகிறான்? சண்டை முடிந்து மறுபடியும் கழற்றினார்களா? அப்படியென்றால் முதல் படத்தில் அழுத அழுகைக்கு என்ன மரியாதை? இந்தக் கேள்விக்கு இன்றுவரை சிலிபினில் பதில் சொன்னவர் இல்லை.

பெயரிலும் மனத்தாங்கல். முதலில் 'ரோபோ' என்று இருந்த பெயர்தான் 'எந்திரன்' ஆனது. தமிழ்ப் பெயருக்குத் தமிழ்நாட்டு அரசு கொடுத்த வரிச் சலுகை அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். காரணம் எதுவானாலும் நல்ல தமிழ்ச்சொல் ஒன்று நம் பிள்ளைகள் வாயில் புகுந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் அத்தை, வகுப்பில் 'எந்திரம்' என்று எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் 'எந்திரன்' என்று எழுதியதைச் சொல்லிச் சிரிப்பார். இரண்டாம் பாகத்துக்கு மிஞ்சியது ஓர் எண். பாடல் வெளியீடும் இந்த முறை துபாய்க்குப் போய்விட்டது. இது சின்ன விஷயம்தான். ஆனாலும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு வளைகாப்புக்குக் கூப்பிடாத சொந்தக்காரர் மேல் வருமே, அந்த மாதிரி ஒரு கோபம்.

இதையெல்லாம் விடப் பெரிய இழப்பு சுஜாதா. அவர் 2008 பிப்ரவரியில் மறைந்தார். 'எந்திரன்' வந்தபோது வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி ஆகியோர் பெயருடன் அவர் பெயரும் இருந்தது. அந்தக் கொசுவுக்கு ரங்குஸ்கி என்று பெயர் வைக்கிற குறும்பை எங்கிருந்து கொண்டுவருவது? '2.0'-க்கு ஜெயமோகன் எழுதினார். அவருடைய கனம் வேறு, சுஜாதாவின் விளையாட்டு வேறு. முதல் படத்தில் இயந்திரம் சிரிக்க வைத்தது. இரண்டாவதில் பறவைகளுக்காக உயிரை விட்ட மனிதர்தான் மனதில் நிற்கிறார். ஐஸ்வர்யா ராயின் சனா, தொலைபேசியில் வரும் குரலாகச் சுருங்கிவிட்டாள். காதலே இல்லாமல் சிட்டிக்கு எதற்கு உணர்ச்சி என்று என் அக்கா கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான்.

சுஜாதாவின் பழைய வாசகர்கள் இங்கே ஒரு விஷயத்தை நினைவுபடுத்துவார்கள். அவரே ஓர் எந்திரத்தைத் திரும்ப அழைத்து வந்தவர். ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வின் நாய் ஜீனோ, புத்தகம் படிக்கிற, வாய் ஓயாமல் பேசுகிற ரோபோ நாய். அதற்காகவே 'மீண்டும் ஜீனோ' எழுதினார். மீண்டும் என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டுவிட்டு எழுதும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்த நாவலின் நாயகி பெயர் நிலா. '2.0'-ல் வருகிற பெண் ரோபோவின் பெயரும் நிலா. அவள் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்தபோது, படமெடுத்தவர்களுக்கும் ஜீனோ ஞாபகம் இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அந்த ஓர் இடத்துக்காகப் பாதிக் கோபத்தை விட்டுவிட்டேன்.

மீதிப் பாதியை விட வைத்தவன் அக்கா மகன். அவனுக்கு முதல் படம் பிறகுதான் காட்டினோம். அவன் சிட்டியை முதலில் சந்தித்ததே பெட்டியிலிருந்து எழுந்து வருபவனாக. அவன் கண்ணுக்கு அது மறுபிறவியே இல்லை, சாதாரணப் பிறவி. 'எந்திரன்' முடிவைப் பார்த்துவிட்டு அவன் அழவில்லை. "பரவாயில்ல மாமா, அப்புறம் வசீகரன் திரும்ப மாட்டிடுவாரு," என்று எனக்கே ஆறுதல் சொன்னான். '2.0' கடைசியில் புறாக்கள் மேல் ஏறி வருகிற குட்டி ரோபோக்கள்தான் அவனுக்கு உயிர். பெரியவர்கள் அதைப் பொம்மை விற்கும் தந்திரம் என்றார்கள். எந்தப் பொம்மையும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவனே தீப்பெட்டியிலும் வெள்ளித்தாளிலும் செய்துகொண்டான்.

பறவைக் கதைக்கு வருகிறேன். பட்சிராஜன் பாத்திரம், இந்தியாவின் பறவை மனிதர் என்று பெயர் பெற்ற சலீம் அலியை நினைத்து வடித்தது. அவர் 1987-லேயே மறைந்துவிட்டார். கைத்தொலைபேசிக் கோபுரங்களோடு அவருக்கு ஒரு வழக்கும் கிடையாது. படம் வெளியாகும் முன்பே, இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் இது அறிவியலுக்குப் புறம்பான பயத்தைப் பரப்புகிறது என்று தணிக்கை வாரியத்திடம் புகார் செய்தது. அந்தப் புகாரில் விஷயம் இல்லாமல் இல்லை. கோபுரக் கதிர்வீச்சால்தான் பறவைகள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று நிரூபணம் ஆகவில்லை. அறிவியல் புனைவு என்று சொல்லிக்கொள்ளும் படம் இதில் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுப் பையன் மைனாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் வித்தியாசம் கேட்டான். மாடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தான். கிளேடாங் மலையைப் பார்த்து, மழை நாளில் அங்கே பறவைகள் எங்கே போகும் என்று கேட்டான். நான் இந்த மலையடிவாரத்திலேயே வளர்ந்தவன். ஒரு நாளும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.

நம் வீட்டுச் சண்டை உலகச் சண்டையும்தான். என் அலுவலகத்தில் 'ஸ்டார் வார்ஸ்' பைத்தியங்கள் இருக்கிறார்கள். 1977-ல் தொடங்கிய அந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் வாங்கி 2015-ல் மறுபடி ஓட்டியபோது ஆனந்தக் கண்ணீர் விட்டவர்களே, இரண்டு வருடம் கழித்து வந்த 'த லாஸ்ட் ஜெடாய்' பார்த்துவிட்டு மதிய உணவு மேசையில் பேச்சுவார்த்தை முறித்துக்கொண்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே பாத்திரம் திரும்பி வருகிறது. இங்கே நடிகரும் சேர்ந்து திரும்பி வருகிறார். 'எந்திரன்' சமயத்தில் ரஜினிக்கு அறுபதை எட்டும் வயது, '2.0' சமயத்தில் அறுபத்தெட்டை எட்டும் வயது. சிட்டிக்கு வயதாகாது, திரையில் பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு ஆகும். எதிர்வீட்டு மாமா அத்தனை ஓட்டை சொல்லியும் இரண்டாம் பாகத்தை முப்பரிமாணக் கண்ணாடி போட்டு இரண்டு முறை பார்த்தார். கேட்டால், "குறை சொல்றது வேற, தலைவரப் பாக்குறது வேற லா," என்பார். 2018-ல் வேன் எதுவும் கிளம்பவில்லை. ஆளுக்கொரு கார், ஆளுக்கொரு காட்சி, சிலர் பேரங்காடித் திரையில், சிலர் வீட்டில் காத்திருந்து தொலைக்காட்சியில். முறுக்கை மறைத்துக்கொண்டு போகத் தேவையே இல்லாமல் போயிற்று.

போன தீபாவளி விடுமுறையில் அப்பாவையும் அக்கா மகனையும் பத்து காஜா பக்கம் அழைத்துப் போனேன். தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் அங்கே நிற்கிறது. கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வாழ்ந்த காலத்தில், குளத்தில் மிதந்தபடி வாளி வாளியாக மண்ணை வாரி ஈயம் பிரித்த இயந்திரம். 1938-ல் கட்டியது. எடை சுமார் 4,500 டன். 1982-ல் வேலையை நிறுத்தியது. மூன்று வருடத்தில் உலக ஈய விலையே சரிந்து, பேராவின் மற்றச் சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. இத்தனை கப்பல்கள் ஓடிய மாநிலத்தில் காட்சிக்கு வைத்துக் காப்பாற்றப்பட்டது இது. ஈப்போவுக்கு வருகிறவர்கள் சுவரோவியத்தோடு நின்றுவிடாமல் தெற்கே இந்தக் கொஞ்ச தூரம் போய் வரலாம். உள்ளே ஏறிப் பார்க்கலாம். கீழே பச்சைத் தண்ணீர், மேலே இரும்புக் காடு. பேச்சுக்குரல்கூட எதிரொலிக்கும்.

அப்பா வாளிச் சங்கிலி பக்கத்தில் நின்றுவிட்டார். ஒவ்வொரு வாளியையும் கையால் தடவிப் பார்த்தார். அக்கா மகன் இரண்டு தளம் ஏறி இறங்கிவிட்டு மூச்சிரைக்க வந்து கேட்டான்:

"தாத்தா, இத மறுபடியும் ஓட வைக்க முடியுமா?"

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

அவர் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தட்டினார். குனிந்து அச்சு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். "முடியும்," என்றார். "சங்கிலிய எறக்கணும். பின் எல்லாம் மாத்தணும். ஆறு மாசம் ஆவும்."

"அப்ப ஓட வைக்கலாம்ல?"

"ஓட்டுனா திரும்பத் தோண்ட ஆரம்பிச்சிடும்டா," என்றார். சொல்லிவிட்டு அவனுக்குப் பின் எது, புஷ் எது என்று காட்டிக்கொடுக்கத் தொடங்கினார். நான் கீழே இறங்கி வந்து நிழலில் உட்கார்ந்தேன். மூடுகிற நேரம் ஆகிவிட்டது என்று காவலாளி இரண்டு முறை வந்து சொன்ன பிறகும் இரண்டு பேரும் இறங்குகிற வழியைக் காணோம்.